வால்காரர்

"வாலை அப்படியே முழுங்கிடணும் சார். கம்பெனி பேரு யார் காதுலயும் விழக் கூடாது" என்றார் விளம்பர ஏஜென்ட், ஒலிப்பதிவு அறையின் கதவைச் சாத்திக்கொண்டே.

வால்காரர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். ஒரே ஒரு வரி. 'இந்தத் தேர்தல் விளம்பரத்தின் செலவை ஏற்றவர்கள், பொன்மழை கெமிக்கல்ஸ்.'

வானொலி விளம்பரங்களின் கடைசியில், 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று ஒருவர் மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளுவாரே, அது இவர்தான். தலையையும் உடம்பையும் வேறு யாராவது இனிக்க இனிக்கப் பேசிவிடுவார்கள். வால் மட்டும் இவருடையது. யாருக்கும் புரியாமல் வாசிப்பதற்குத்தான் கூலி. அதில் அவரை அடித்துக்கொள்ள ஊரில் ஆள் கிடையாது.

அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டவர் சொந்த மனைவியேதான். அவர் நகரசபை உறுப்பினர். தேர்தல் விளம்பரத்துக்கு எந்தக் கம்பெனி காசு கொடுக்கிறதோ, அதன் பெயரை அந்த விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று சபையில் மல்லுக்கட்டி விதி கொண்டுவந்தார். இப்போது தலைவர் பதவிக்கு நிற்கிறார். ஜெயித்தால் முதல் கையெழுத்து, குடிநீர் ஏரியில் கழிவைக் கொட்டும் பொன்மழை ஆலையின் குழாயை அடைப்பதற்கு. எதிர்த்து நிற்பவரோ ஆலை முதலாளியின் சம்பந்தி.

"என் பொண்டாட்டி நிக்கிற தேர்தல் சார் இது. இதுக்கு என்கிட்டயே வர்றீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?" என்று கேட்டார் வால்காரர்.

"தொழில் வேற, குடும்பம் வேற. இந்த வேகத்துக்கு உங்களை விட்டா யாரு சார் இருக்கா? என்ன குரல் சார் அது! கவுன்சிலர் அம்மாவோட தெருமுனைக் கூட்டத்துல நீங்க மைக் பிடிச்சுப் பிடிச்சு ஊருக்கே மனப்பாடம். கண்ணை மூடிட்டுக் கேட்டாக்கூட சின்னக் குழந்தை சொல்லிடும், இது அம்மாவோட வீட்டுக்காரர்னு."

"சரி, சரி. முழு விளம்பரத்தையும் ஒரு தடவை போடுங்க, கேப்போம்."

"அது வேற ஸ்டுடியோல பதிவாகிட்டிருக்கு சார். என்னிக்கு நீங்க உடம்பைக் கேட்டுட்டு வால் வாசிச்சீங்க?"

அதுவும் உண்மைதான். வால்காரர் தண்ணீர் குடிக்கும் சாக்கில் நடைவழிக்கு வந்து மனைவிக்குப் போன் போட்டார்.

"மூஞ்சியில விட்டெறிஞ்சுட்டு வாங்க" என்றார் மனைவி. பிரச்சாரம் செய்து செய்து அவர் தொண்டை கட்டியிருந்தது.

"இரும்மா. நான் மாட்டேன்னா வேற எவனாவது வந்து முழுங்கிட்டுப் போவான். அதுக்கு நானே வாசிச்சா? செவிட்டுக் காதுலயும் விழற மாதிரி?"

மறுமுனையிலிருந்து கட்டின தொண்டையோடு ஒரு சிரிப்பு வந்தது. "உங்களுக்கு வாலு கொஞ்சம் நீளம்தாங்க."

உள்ளே வந்து மைக் முன்னால் உட்கார்ந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வரியை நிறுத்தி, நிதானமாக வாசித்தார். 'மழை'யில் வரும் ழகரத்தை, பாலர் வகுப்பில் பாடம் நடத்துவதுபோல நாக்கை மடித்துச் சொன்னார். இத்தனை வருஷம் தின்று தீர்த்த எழுத்துகளுக்கெல்லாம் சேர்த்து வைத்து மரியாதை செய்துவிட்டதுபோல அவருக்கு மனசு குளிர்ந்தது.

ஏஜென்ட்டின் முகம் தொங்கிப்போயிற்று.

"கழுத்தறுத்துட்டீங்களே சார்! இன்னொரு தடவை, வேகமா..."

"விதியைப் படிச்சுப் பாருங்க. தெளிவா வாசிக்கணும்னுதான் போட்டிருக்கு. இதுக்கு மேல என் நாக்கு ஓடாது."

ஏஜென்ட் கடிகாரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"வேற ஆள் பிடிக்க நேரமும் இல்ல. எல்லாம் என் தலையெழுத்து. இதையே அனுப்பித் தொலைக்கிறேன்."

பேசிய கூலியை ஒரு பைசா குறைக்காமல் கொடுத்துவிட்டும் போனார். முதலாளியிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறாரோ என்று வால்காரருக்கே அவர்மேல் இரக்கமாக இருந்தது.

சாயங்காலம் இருவரும் சமையலறையில் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பிரச்சாரம் ஓய இன்னும் சில நிமிடங்கள்தான். அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் வாயைத் திறக்கக் கூடாது. விடிந்தால் ஓட்டு.

"ஆலைக்காரன் காசுல ஆலைக்காரன் மானத்தையே வாங்கிட்டு வந்திருக்கேன். கேட்டுட்டு சொல்லு" என்றார் வால்காரர், சத்தத்தைக் கூட்டியபடி. மனைவி சிரித்துக்கொண்டே தொண்டைக்கு வெந்நீரை உறிஞ்சினார்.

செய்தி முடிந்தது. மெல்லிய இசைக்கு நடுவே ஒரு பெண் குரல் தேனாக வழிந்தது.

"நம்ம ஏரியைக் காப்பாத்த, நமக்காகவே உழைக்கிற நம்ம கவுன்சிலர் அம்மாவுக்கே உங்க ஓட்டு!"

மனைவி டம்ளரைக் கீழே வைத்தார். "என்னங்க, இது நாம கொடுத்த விளம்பரம் இல்லையே?"

அவர் பதில் சொல்வதற்குள் வால் வந்துவிட்டது. ஊருக்கே மனப்பாடமான அந்தக் குரல், நிறுத்தி, நிதானமாக, ழகரம் பிசகாமல் ஊருக்கு அறிவித்தது: "இந்தத் தேர்தல் விளம்பரத்தின் செலவை ஏற்றவர்கள், பொன்மழை கெமிக்கல்ஸ்."