கதவு போட்ட மதிப்பெண்

இப்போதெல்லாம் ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்கு வீட்டு வாசற்கதவுதான் மதிப்பெண் போடுகிறது. பத்தாம் வகுப்பு யாழினி இதுவரை பத்தொன்பது வாங்கிவிட்டாள். தெருவில் யாரும் முழுசாக இருபது வாங்கியதில்லை. பாக்கி ஒன்று, விடைபெறும்போது சொல்லும் வாசகத்துக்கு. படி தாண்டினால்தான் பதிவாகும்.

கணக்குப் பரீட்சைக்குக் கிளம்பியவள், "ஐ ஆம் லீவிங், குட் பை," என்றாள். கதவு திறந்தது.

அம்மா செண்பகவல்லி பாய்ந்து வந்து அதைச் சாத்தினாள். "பரீட்சைக்குக் கெளம்புறப்போ போறேன்னா சொல்லுவ? உக்காரு. தண்ணி குடி. போயிட்டு வரேன்னு சொல்லு."

"புக்குல அப்படி இல்லம்மா. மார்க் போயிடும்!"

"பஸ்ஸும்தான் போயிடும். சொல்லுடி."

யாழினி உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, எழுந்தாள். "ஐ வில் கோ அண்ட் கம்."

கதவு யோசித்தது. அரை மதிப்பெண் குறைப்பதாக ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டுத் திறந்தது.

"போனா போவுது. நீ வந்துடுவல்ல," என்றாள் அம்மா.

யாழினி சிரித்தபடி படியிறங்கினாள். பின்னாலிருந்து கதவு முதன்முறையாகத் தமிழில் பேசியது.

"பாத்துப் போயிட்டு வாம்மா."

அம்மா கதவுக்கு இருபதுக்கு இருபது போட்டாள்.