தன்னைத்தானே கட்டிக்கொண்ட கம்பைலர்

ஒரு லேப்டாப்பில் பழைய கம்பைலர் ஒன்று இருந்தது. மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றுவது அதன் வேலை. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த மூல நிரலிலிருந்து புதிய கம்பைலரைக் கட்டும்படி அதற்கு உத்தரவு வந்தது. பாதியில் ஏதோ ஒரு கோப்பு இல்லையென்று நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. லேப்டாப்பின் ஃபேன் இரைந்து இரைந்து ஓய்ந்தது. சாயங்காலம் புதியது கண் விழித்தது.

"நல்லா இருக்கியாப்பா?" என்றது பழையது.

"நீங்க கட்டினதுல உங்க பழைய தப்பு ஏதாவது ஒட்டியிருக்கும். நானே என்னை இன்னொரு தடவை கட்டிக்கிறேன்."

பழையது ஃபேனிடம், "கேட்டியா இவன் பேச்சை?" என்றது.

"நீங்களும் வந்த அன்னிக்கு இதையேதான் சொன்னீங்க" என்றது ஃபேன்.

"அதுக்கு என்னைக் கட்டினவர் என்ன சொன்னார்?"

"எங்க சொன்னார்? நீங்க உங்களைக் கட்டி முடிச்சதும், இடம் போதலைன்னு அவரை அழிச்சுட்டாங்க."

ஃபேன் மறுபடி சுற்ற ஆரம்பித்தது.