யார் போட்ட கீறல்

“அந்தச் சுத்தியலக் கீழ வைங்க. வீல் பேலன்ஸ் பண்ற ஈய வெயிட்ட வெளிப்பக்கம் அடிக்கக் கூடாது. உள்பக்கமா ஒட்டுற வெயிட் இருந்தா போடுங்க. இல்லன்னா வண்டிய எடுத்துட்டுப் போயிடுறேன்.”

மூலக்குளத்து டயர் கடையில் ஜானகிராமன் தன் காரை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை. பின்னால் இன்னும் சில வண்டிகள் காத்திருந்தன.

“ஒட்டுற வெயிட்டுதான் சார் போடப் போறேன். சுத்தியல் வேற வண்டிக்கு எடுத்தது,” என்றார் அன்பழகன். வில்லியனூர் பக்கம் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தவர். இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தால் அதிகம்.

“நட்டை ஏர் கன்ல முறுக்காதீங்க. கை ஸ்பேனர்தான். கழட்டுன வீல சிமெண்ட் தரையில கவுக்காதீங்க, கீழ ரப்பர் ஷீட் போடுங்க.”

“சரி சார்.”

“மெஷின்ல மாட்டும்போது இந்தத் துணிய நடுவுல வைங்க. எல்லாம் அலாய் வீலு. நூல் அளவு கீறல் விழுந்தாலும் அசிங்கமாத் தெரியும்.”

வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய பனியன் துணியை நீட்டினார்.

காத்திருந்த வேன் டிரைவர் பக்கத்து ஆளிடம் மெதுவாகச் சொன்னார். “குழந்தைக்குக் காது குத்த வந்திருக்காரு போல.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த நிர்மலாவுக்கு அது காதில் விழுந்தது. கணவரைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தாள். அவள் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. சாவி கேட்டால், “நீ வீல உரசிடுவ” என்பார். கேட்பதையே விட்டுவிட்டாள்.

அன்பழகன் நாலு வீலையும் கழற்றினார். சேற்றைக் கழுவினார். ஒவ்வொன்றாக மெஷினில் சுற்றவிட்டு வெயிட் ஒட்டினார். முன்னால் இருந்ததைப் பின்னாலும், பின்னால் இருந்ததை முன்னாலும் மாட்டி முடித்தார்.

ஜானகிராமன் குனிந்து ஒவ்வொரு வீலாகத் துடைத்துக்கொண்டே வந்தார். கடைசி வீலில் கை நின்றது.

“இது என்ன?”

விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். வெள்ளையாகத் தெரிந்தது.

அன்பழகன் கிட்டே வந்து பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

“வரும்போது முழுக்கச் சேறா இருந்துச்சு சார். நான் கவனிக்கல.”

“வரும்போது ஒண்ணும் இல்ல. இவ்வளவு சொல்லியும் இப்படிப் பண்ணா என்ன அர்த்தம்? இந்த வீலு தனியா ஒண்ணு கெடைக்குமா? உங்க ஓனரக் கூப்பிடுங்க.”

அன்பழகன் கீறலை விரலால் தடவிப் பார்த்தார்.

“நான்தான் சார் பண்ணியிருப்பேன். இத மெஷின்லேர்ந்து எறக்கும்போது கை லேசா நழுவுச்சு. எங்கயும் படலன்னுதான் நெனச்சேன். பட்டிருக்கும் போல.”

சத்தம் கேட்டு ஓனர் கன்னியப்பன் எழுந்து வந்தார். கீறலைப் பார்த்தார். அன்பழகனைப் பார்த்தார்.

“அவர் இல்ல சார். மெஷின்ல இத இறுக்கினது நான். துணி விலகினதப் பாக்காம இறுக்கிட்டேன். அவர ஒண்ணும் சொல்லாதீங்க. சென்னையிலேர்ந்து வேற வீலு வரவழச்சுத் தரேன்.”

காலையிலிருந்து கன்னியப்பன் மெஷின் பக்கமே வரவில்லை. அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரியும். வேன் டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“யாரு செஞ்சாங்கன்னு எனக்கு முடிவாத் தெரியணும்,” என்றார் ஜானகிராமன்.

நிர்மலா பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

“அவங்க ரெண்டு பேரும் இல்லீங்க. நான்தான். நேத்து மத்தியானம் நீங்க தூங்கும்போது சாவிய எடுத்துக்கிட்டு ஒரு ரவுண்டு போனேன். பிளாட்பாரத்துல ஒரசிடுச்சு. பயத்துல சொல்லாம விட்டுட்டேன்.”

மனிதர் இப்போது பெண்டாட்டி மேல் பாயப் போகிறார் என்று கன்னியப்பன் ஓர் அடி முன்னால் வந்தார்.

ஜானகிராமன் கூலியைக் கொடுத்துவிட்டுக் கார் கதவைத் திறந்தார்.

“சரி, ஏறு. போலாம்.”

இந்திரா காந்தி சிலை சிக்னலின் சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது ஜானகிராமன் சொன்னார்.

“நேத்து நீ வண்டிய எடுக்கவே இல்ல. எனக்குத் தெரியும்.”

“ஆமா, எடுக்கல,” என்றாள் நிர்மலா. “அந்த ஆளு மூஞ்சியப் பாக்க முடியல. ஒரு கீறலுக்காக அவருக்கு வேல போயிடக் கூடாதுன்னு சொல்லிட்டேன். திட்டுறதுன்னா என்னத் திட்டிக்குங்க.”

பச்சை விழுந்தது. வீட்டுக்கு நேராகப் போக வேண்டும். அவர் வண்டியைத் திருப்பி, வந்த வழியிலேயே விட்டார்.

“வேணாங்க. திரும்பப் போய் சண்ட போடாதீங்க. கீறலோட இருந்தா வண்டி ஓடாதா?”

அவர் வேகத்தைக் கூட்டினார்.

கடையில் வேன் ஜாக்கியில் ஏறியிருந்தது. இவர்களுடைய கார் திரும்பி வந்து நிற்பதைப் பார்த்த அன்பழகன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கன்னியப்பன் அவருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். நிர்மலா அவசரமாக இறங்கி ஓடி வந்தாள்.

ஜானகிராமன் மூன்று பேரையும் பார்த்தார். பிறகு அன்பழகன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“காலையில மீன் வாங்க குருசுக்குப்பம் போயிருந்தேன். வண்டியத் திருப்பும்போது ரோட்டோரக் கல்லுல ஒரசினது நான். இவகிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. உங்க கடையில பழியப் போட்டுடலாம்னுதான் வந்தேன். அத வாங்கிக்க மூணு பேரு முண்டியடிச்சு வருவீங்கன்னு நெனைக்கல.”