கடைசிக் கிளை

இங்கிலாந்துக் கிராமப் பாதிரியார் ஒருவர், தம் ஊர்க் குடும்பங்களின் வம்சாவளியை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு குடும்பத்தின் கடைசி வாரிசு ரங்கூனில் இறந்திருந்தார். அந்நகரின் தாமுவே பகுதியில் அவர் வாழ்ந்த வீட்டைத் தேடி, பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி சொக்கனுடன் பாதிரியார் வந்தார்.

கதவைத் திறந்தாள் அம்சா.

“இங்க இருந்த துரை பேரு என்னம்மா?” என்று கேட்டான் சொக்கன்.

அம்சா தலையைக் குனிந்துகொண்டாள்.

“சமையல்காரிக்கு எஜமானர் பெயர்கூடத் தெரியவில்லை. வம்சம் முடிந்தது என்று எழுதிவிடுகிறேன்,” என்றார் பாதிரியார்.

சொக்கன் அதைத் தமிழில் சொன்னதும் அம்சா உள்ளே போனாள்.

“தெரியாம இல்லைங்க,” என்றான் சொக்கன். “எங்க பொம்பளைங்க புருஷன் பேரை வாயால சொல்லமாட்டாங்க.”

பூனைக்கண் மகளோடு அம்சா திரும்பி வந்தாள். பாதிரியார் தொப்பியைக் கழற்றினார்.

“அவுங்க பேருக்குப் பக்கத்துல அம்சான்னு எழுதுங்க,” என்றாள். “கீழ இவ பேரு, ஆலிஸ் சிவகாமி.”