ஆளில்லாத சாலை

"கிட்டப் போகாதீங்க சார், இது தள்ளி நின்னு பார்க்க வேண்டிய படம்" என்று சேதுமாதவன் குறுக்கே வந்து நின்றார்.

மகனுக்குப் பெண் பார்க்க வந்திருந்த தீனதயாளன், எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஷார்ஜாவின் ரோலா பகுதியில், சேதுமாதவனின் மூன்றாவது மாடி வீட்டு ஹாலில், ஒரு கதவு உயரத்துக்குத் தொங்கியது அந்தப் படம். இரண்டு பக்கமும் மரங்கள், நடுவே ஆளரவமில்லாத நாட்டுப்புறச் சாலை.

இது இம்ப்ரெஷனிஸ்ட் பாணி, பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்தது, நெருங்கினால் வெறும் வண்ணத் திட்டுதான் தெரியும் என்று சேதுமாதவன் விளக்கினார். முந்தாநாள் வரை அந்தச் சொல் அவர் வாயில் நுழைந்ததில்லை. படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்த கடைக்காரன் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தது.

மகள் தாரிணிக்கு வந்த வரன்களில் இதுதான் பெரிய இடம். தீனதயாளனுக்குத் துபாயில் மேனேஜர் உத்தியோகம், குடியிருக்க வில்லா. இதுவும் தட்டிப்போனால் மனைவி பிரபாவதி சேதுமாதவனுக்குச் சோறு போடுவதே சந்தேகம்.

மாப்பிள்ளையின் அம்மா, வாசலில் கிடந்த சேஃப்டி ஷூவைப் பற்றி விசாரித்தாள். ஆபீசில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவருக்கு அது எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. வாக்கிங் போவதற்கு என்று பிரபாவதி முந்திக்கொண்டாள். முனையில் இரும்பு வைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு யார் வாக்கிங் போவார்கள் என்று நல்லவேளையாக அந்த அம்மாள் கேட்கவில்லை.

பேச்சை மாற்றச் சேதுமாதவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கைகொடுத்தார். அவர் ஹாலைப் பலகையால் தடுத்து, கட்டில் கணக்கில் ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிறாராம்.

"மானம் மரியாதை இருக்கறவன் செய்யற காரியமா சார் இது?"

"குடும்பம் நடத்தற வீட்டைச் சத்திரமாக்கிடறாங்க" என்று தீனதயாளன் தலையில் அடித்துக்கொண்டார். சேதுமாதவன் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

தாரிணி காபி கொண்டுவந்தாள். மாப்பிள்ளை நிதினும் அவளும் ஆங்கிலத்தில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டார்கள். கல்யாணத்தை ஊரில் வைத்துக்கொள்வதா, இங்கேயா என்கிற வரைக்கும் பெரியவர்கள் பேச்சு நகர்ந்துவிட்டது.

அப்போதுதான் அந்த ஆளில்லாத சாலையிலிருந்து ஒரு தும்மல் வந்தது. தொடர்ந்து இன்னொன்று.

நைட் டூட்டி முடித்துவிட்டு வந்து, படம் மறைத்திருந்த பலகைத் தடுப்புக்குள் படுத்திருந்தான் வாடகைக்காரன் சோலைமுத்து. விருந்தாளிகள் போகும்வரை மூச்சுக் காட்டாதே என்று காலையில் அவனைக் கெஞ்சியதெல்லாம் வீணாகிவிட்டது. இனி ஊரெல்லாம் சிரிக்கும் என்று சேதுமாதவன் கூனிக் குறுகிப்போனார். மகள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

தீனதயாளன் மெல்ல எழுந்து வந்து, அவர் தோளில் கைபோட்டுக் காதோரம் குனிந்தார்.

"விடுங்க சம்பந்தி, எங்க வீட்டுக் குதிரைப் படத்துக்குப் பின்னால மூணு பேர் இருக்காங்க."