ஜப்பான் அடுப்பு

கல்யாண நாளுக்காகத் திருத்தணியிலிருந்து ரயிலேறி, சென்னையில் ஒரு ஜப்பான் ஓட்டலுக்கு வந்திருந்தார்கள் வளவனும் கல்பனாவும். அங்கே மேசையே அடுப்பு. எதிரில் நின்ற இளைஞன் முட்டையைக் கரண்டியால் பந்தாடினான். வெங்காய வளையங்களைக் கோபுரமாக அடுக்கி, உச்சியில் தீயை எழுப்பினான். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

கல்பனா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்டி சுத்தறான் பாருங்க!"

"ஆங், பாத்துகினுதான் இருக்கேன்."

வளவனுக்குச் சோறு இறங்கவில்லை. கை கழுவிவிட்டு வந்தால், அவளும் அந்த இளைஞனும் அவளுடைய செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போதாததற்கு, நம்பர் வேறு சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடக்கிக்கொண்டு வந்தவன், திரும்பும் ரயிலில் வெடித்தான். "அவனுக்கு எதுக்குடி உன் நம்பரு?"

"அது உங்க நம்பருங்க. எல்லாரும் அவனுக்கே கைதட்டுனாங்களா, எனக்குப் பொறுக்கல. நீங்க நம்ம கடையில கொத்து பரோட்டா போடற வீடியோவக் காட்டுனேன். மிரண்டு பூட்டான்! நேர்ல வந்து பாக்கணும்னு கேட்டான்."

வளவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

"பனியனோட நிக்கற வீடியோவையா காட்டுன?"