சவுரியின் பட்டியல்

நாயை மேஜைமேல் இறக்கிவிட்டு, பையிலிருந்து கயிறு, சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றையும் எடுத்துப் பக்கத்தில் வரிசையாக வைத்தார் ரிடையர்டு லிஃப்ட் இன்ஸ்பெக்டர். "முடியை ஒட்ட வெட்டிடும்மா. அப்புறம் நல்ல வீடாப் பார்த்துக் குடுத்துடு. எனக்கு வேண்டாம்," என்றார்.

நாய்களுக்கு முடி வெட்டும் அந்தப் பெண் கத்தரியைத் தொடவில்லை. நாயின் காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் உள்ளே போகவில்லை, அத்தனை சிக்கு. தரையைக் கூட்டும் பட்டு முடியோடு வளைய வந்த குட்டி நாய், மழையில் நனைந்து காய்ந்த கால்மிதி போல நின்றது.

சவுரி என்ற பெயர் இன்ஸ்பெக்டரால் வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் மனைவி இதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, யாரோ கழற்றிப் போட்ட சவுரிமுடி மாதிரி இருக்கிறதே என்று கேலி செய்தார். அவள் அதையே பெயராக்கிவிட்டாள். அவருக்கும் நாய்க்கும் இருந்த உறவு அந்தக் கேலியோடு சரி.

மனைவி போய் நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. அவர் அழவில்லை. மகன் வந்தான், பத்து நாள் இருந்தான், போனான். மனசு மரத்துப்போய்க் கிடந்தது. காலையில் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்றே தெரியவில்லை, எழுந்ததெல்லாம் சவுரிக்காகத்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் மனைவி ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். 'சவுரியைக் கவனிக்க' என்று தலைப்பு, கீழே பதினோரு வரி. இவரோ முப்பத்திரண்டு வருஷம் கையில் பட்டியலோடு லிஃப்ட் லிஃப்டாக ஏறி இறங்கி டிக் போட்ட மனுஷர். எழுதியிருப்பதில் ஒன்றை விட மாட்டார். எழுதாததை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்.

"முடி ஏன் சார் இப்படி ஆச்சு? அம்மா தினம் ரெண்டு வேளை சீவுவாங்களே."

"சீவணும்னு லிஸ்ட்ல இல்லம்மா."

சொன்னதோடு நில்லாமல், சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளையே எடுத்து நீட்டினார். தன்மேல் தப்பில்லை என்று காட்ட வேண்டுமே. ஓரமெல்லாம் பென்சில் டிக். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். காலை ஆறரைக்குப் பூங்காவில் மூன்று சுற்று, நடுவில் பெஞ்சில் உட்காரக் கூடாது. எட்டு மணிக்குச் சாப்பாடு. சவுரி தனியாகச் சாப்பிடாது, கூடவே உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். ஜன்னலை எல்லாம் திறந்துவையுங்கள், இருட்டு அதற்கு ஆகாது. சாயங்காலம் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போங்கள். பத்து மணிக்கு விளக்கை அணைக்காவிட்டால் அது தூங்காது.

"எல்லாம் இதுக்காகத்தான் செஞ்சேன். வாய்க்குப் பிடிக்காட்டியும் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டேன்," என்றார். "இனிமே என்னால முடியாதும்மா. இது போயிட்டா லிஸ்ட்டும் போயிடும். நான் பாட்டுக்குக் கதவைச் சாத்திட்டுப் படுத்திருப்பேன்."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கேபிள் தேய்ந்துவிட்டது, லிஃப்டை நிறுத்திவிடுங்கள் என்று சொல்வது போலத்தான் சொன்னார். சவுரி அவர் விரலை நக்கியது. அவர் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, தடவிக்கொடுக்கவும் இல்லை.

அவள் தாளை மேஜைமேல் விரித்து வைத்தாள். பிறகு, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் சவுரி இந்தக் கடையில்தானே இருந்தது என்று நினைவுபடுத்தினாள். தட்டை வைத்துவிட்டு இவள் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் வழித்துத் தின்றுவிடுமாம். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் குறட்டை விட்டுத் தூங்குமாம்.

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. இருபது வருஷம் பள்ளிக்கூட ஆபீசில் எழுதின கை அது. மனைவி எழுதியதில் தப்பு வராது என்றார்.

"தப்பில்லை சார்," என்றபடி அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். எப்படியும் ஒரு மாசத்தில் முடி சிக்காகிவிடும், அவரே தூக்கிக்கொண்டு வருவார், அப்போது கொடு என்று அம்மா சொல்லிவிட்டுப் போனார்களாம்.

பிரித்தார். அதே கையெழுத்து. தினம் இரண்டு வேளை சீவ வேண்டும், காதுக்குப் பின்னால் மறக்கக் கூடாது. கண்ணோரத்தைத் தினமும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பாதத்து முடியை மாதம் ஒரு முறை வெட்ட வேண்டும். இப்படியே கடைசி வரை.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளைப் பார்த்தார், மறு தாளைப் பார்த்தார். அவள் சீப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"சவுரிக்கு எழுதினது இது சார். அது உங்களுக்கு எழுதினது."